தேசி இலையில் ஒரு வெள்ளிக்கோடு: சுரங்கமறுப்பி அந்தின் வாழ்க்கை வட்டம்

தேசிமரத்துக் கொழுந்தைக் கொஞ்சம் நின்று பார்த்தவர்கள் அந்தக் கோட்டைக் கண்டிருப்பார்கள். இலைமேல் வெள்ளி மையினால் கிறுக்கினாற்போல நெளிந்து நெளிந்து, தன்னையே சுற்றிக்கொண்டு ஓடும் ஒரு தடம். அதன் நடுவே மயிரிழை போலக் கறுப்பாக இன்னொரு கோடு. தடம் முடியும் இடத்தில் இலையின் ஓரம் உள்ளே மடிந்திருக்கும். இலையும் நேராக விரியாமல் சுருண்டு கோணிப் போயிருக்கும்.

எங்கள் கிழக்குப் பக்கத்து ஊர்களில் தேசிமரம் இல்லாத வளவு குறைவு. மாரி மழை விழுந்து மரம் புதுக்கொழுந்து தள்ளும் காலத்தில், ஊரில் நாலு பேராவது என்னை மறித்துக் கேட்பார்கள்: "சேர், தேசிக்கு என்னமோ நோய் புடிச்சிரிக்கி. என்ன மருந்து அடிக்கிற?" நான் தமிழ் படிப்பிக்கிறவன். ஆனால் பாடசாலைத் தோட்டம் பல வருடமாக என் பொறுப்பில் இருப்பதால் இந்தக் கேள்வியும் என் தலையில் விழுந்துவிட்டது.

அது நோயல்ல. ஒரு மிகச் சிறிய அந்துப்பூச்சியின் குடம்பி, இலையின் தோலுக்குள் வாழ்ந்துபோன தடம். முட்டையில் இருந்து வெளிவந்த நிமிடம் தொடங்கிக் கூடு கட்டும் நாள் வரைக்கும் அது செய்ததெல்லாம் அந்தக் கோட்டில் வரிசை தப்பாமல் பதிந்திருக்கிறது. அந்தக் கோட்டை வாசிக்கத் தெரிந்தவருக்கு, மருந்தடிப்பதா இல்லையா என்ற கேள்விக்கும் விடை அதிலேயே கிடைத்துவிடும். வாசிக்காமல் கை முதலில் பம்பைத் தூக்குவதுதான் நமது வளவுகளில் நடக்கும் தவறு.

பெயரும் பிரிப்பும்

நம் நாட்டு விவசாயத் துண்டுப்பிரசுரங்களில் இதற்கு இலைச்சுரங்கமறுப்பி என்று பெயர். பிள்ளைகள் இதைச் 'சுரங்க மறுப்பி' என்று பிரித்து வாசிக்கிறார்கள். "சேர், அது எதை மறுக்குது?" என்று தரம் 9 மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. சுரங்கம் என்பதோடு அறுப்பி சேரும்போது, ஈற்றிலுள்ள மகர மெய்யின் மேல் அகர உயிர் ஏறிச் சுரங்கமறுப்பி ஆகிறது. சுரங்கம் அறுப்பது எதுவோ, அது சுரங்கமறுப்பி. அறுத்தல் என்ற வினை இந்தப் பூச்சிக்கு எவ்வளவு பொருத்தம் என்பது அதன் வாயைப் பற்றிச் சொல்லும்போது விளங்கும்.

இது குலத்தால் வந்த பெயரல்ல, தொழிலால் வந்த பெயர் என்பதையும் கவனிக்க வேண்டும். தையற்காரர் எல்லாரும் ஒரே குடும்பத்தவர் இல்லை. அதுபோல இலைக்குள் சுரங்கமறுக்கும் பூச்சிகளும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. தக்காளி, பயற்றை இலைகளில் நாம் காணும் வெள்ளைக் கோடுகளைப் பெரும்பாலும் ஒருவகைச் சிறு ஈயின் புழுக்கள் போடுகின்றன. நெல்லிலையில் உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் ஒரு சிறு கறுப்பு வண்டின் புழு சுரங்கமறுக்கிறது. தேசி, தோடை, நாரத்தை இலைகளில் வேலை செய்வது ஓர் அந்து.

இந்த அந்தின் அறிவியற் பெயர் பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. கல்கத்தாவிலிருந்து கிடைத்த மாதிரிகளை வைத்து 1856இல் இதை முதன்முதலில் விவரித்தவர் ஹென்றி ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர். கண்ணுக்கு எட்டாத சிறு அந்துகளின் வாழ்க்கையை எழுதுவதையே தன் வேலையாகக் கொண்டவர் அவர். 1855 முதல் 1873 வரை அவர் வெளியிட்ட 13 பாக நூல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இலத்தீன் என்று நான்கு மொழிகளில் ஒரே பக்கங்களில் அச்சானது. அரிசிமணி அளவும் இல்லாத உயிர்களுக்காக ஒரு மனிதர் இவ்வளவு தாளும் மையும் செலவழித்திருக்கிறார் என்பது, எழுத்தோடு புழங்கும் நம் போன்றோருக்கு நினைத்துப் பார்க்கத் தக்கது.

முட்டையும் முதல் வெட்டும்

தாய் அந்து அந்தியிலும் இரவிலும்தான் முட்டையிடும். முற்றிய இலை அதற்கு வேண்டாம். விரல்நகம் அளவுக்கு விரிந்த இளங்கொழுந்தாகத் தேடி, நடுநரம்புக்குக் கிட்டே, பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில், ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். கைவில்லையால் பார்த்தாலும் அது முட்டை என்று தோன்றாது. உலராமல் நின்ற ஒரு சொட்டு நீரைப்போலப் பளபளக்கும். ஒரு பெண் அந்து தன் ஆயுளில் ஏறத்தாழ 50 முட்டை வரை இடும்.

சூட்டைப் பொறுத்து இரண்டு நாள் முதல் பத்து நாளுக்குள் முட்டை பொரிக்கும். குடம்பி வெளிக்காற்றில் ஒரு கணமும் நடமாடுவதில்லை. முட்டையின் அடிப்புறத்தைத் துளைத்து நேரே இலைக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே வெள்ளிக்கோட்டின் ஒல்லியான முனைதான் அது பிறந்த இடம்.

தோலுக்கும் தசைக்கும் நடுவே

ஓர் இலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடுக்குகள் தெரியும். மேலே மெழுகு பூசிய மெல்லிய புறத்தோல். அதன் கீழே ஒற்றை வரிசைக் கலங்களாலான மேற்றோல். அதற்கும் கீழே பச்சையம் நிறைந்த கலங்கள், இலையின் உணவு சமைக்கும் அடுப்படி அதுதான். அடிப்பக்கத்திலும் இதேபோல மேற்றோலும் புறத்தோலும் உண்டு.

நமது குடம்பி இந்த மேற்றோல் வரிசைக்குள்தான் படுத்திருக்கிறது. உடம்பு தட்டையானது, கால்கள் இல்லை. தலையும் தட்டைதான். வாயில் இரண்டு தட்டையான தாடைகள், அருவாள் போலப் பக்கவாட்டில் அசையும். இது இலையைக் கடித்து மெல்லுவதில்லை. தாடைகளால் மேற்றோல் கலங்களை அறுத்துத் திறந்து, வழியும் சாற்றைக் குடிக்கிறது. அறுப்பி என்ற சொல்லை ஆக்கியவர் யாராக இருந்தாலும் சரியாகத்தான் ஆக்கியிருக்கிறார்.

இந்தச் சாப்பாட்டு முறையால் இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று, கீழேயுள்ள பச்சைக் கலங்களை அது தொடுவதில்லை. கோட்டின் வழியே இலையைப் பார்த்தால் உள்ளே பச்சை அப்படியே இருக்கும். மற்றது, அந்த வெள்ளி நிறம். சாறு போன இடத்தில் புறத்தோல் கழன்று நிற்க, அதன் கீழே காற்று புகுந்துகொள்கிறது. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால் கோடு மின்னுகிறது. வெள்ளி மை என்று ஒன்றும் இல்லை; அது வெறுங்காற்று.

குடம்பி வளர வளரக் கோடு அகலமாகும். மூன்று பருவங்கள் இப்படிச் சாறு குடித்தே கழிகின்றன. ஒவ்வொரு முறையும் தோலுரிப்பதும் சுரங்கத்துக்குள்ளேதான். நடுவில் ஓடும் கறுப்புக் கோடு அதன் எச்சம். தான் போகும் பாதையின் நடுவே கழிவை விட்டுக்கொண்டே போகிறது. முழு வளர்ச்சியில் குடம்பியின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர். இலை சுருளுவதற்கும் காரணம் இதுவே: இளம் இலையின் ஒரு பக்கத்துத் தோல் காயப்பட்டு வளர்ச்சி நின்றுபோக, மற்றப் பக்கம் வளர்ந்துகொண்டே போகிறது.

இலைக்குள் வாழ்வதில் வசதி நிறைய. வெயில் காய்ச்சாது, காற்று அடித்துக்கொண்டு போகாது, சாப்பாட்டைத் தேடி அலையவும் தேவையில்லை. ஆனால் வீடே சிறையும் ஆகிறது. இந்த இலை போதாது என்று அடுத்த இலைக்குப் போக இந்தக் குடம்பியால் முடியாது. இலை உதிர்ந்தால் அதன் கதையும் முடிந்தது.

புல்லுக்குள் போனால் நேர்கோடு

தேசி இலையில் கோடு நெளிகிறது. எல்லா இலையிலும் அப்படியில்லை. தேசி இலையின் நரம்புகள் வலைபோலப் பின்னியவை. புல்லின் நரம்புகளோ ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நீளவாக்கில் ஓடுபவை. ஐரோப்பாவின் புல்வெளிகளில் இலாகிஸ்டா என்ற சிறு அந்துப் பேரினம் உண்டு. கிரேக்கத்தில் 'மிகச் சிறியது' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். இதன் குடம்பிகளில் பெரும்பாலானவை புல்லிலும், கோரை போன்ற புல்லை ஒத்த தாவரங்களிலும்தான் சுரங்கமறுக்கின்றன. நரம்பு எப்படி ஓடுகிறதோ அப்படியே சுரங்கமும் நீளவாக்கில் நேராகப் போகும். எழுதுகிற கையைவிட எழுதப்படும் ஏடுதான் கோட்டின் வடிவத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ஓலையில் எழுதியவர்களின் எழுத்து ஏன் வட்டமாக வந்தது என்று வகுப்பில் விளக்கும்போது இந்த உதாரணத்தையும் சேர்த்துச் சொல்வேன்.

அந்தப் பேரினத்தில் இலாகிஸ்டா ஆர்ஜென்டெல்லா என்ற தூய வெள்ளை அந்து ஒன்று. இதை 1759இலேயே சுவீடன் நாட்டுக் கிளெர்க் பெயரிட்டுவிட்டார். இறகை விரித்தால் ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். குளிர்காலத்தைக் குடம்பியாகப் புல்லிலைக்குள்ளேயே கழித்து, வசந்தத்தில் தின்று முடித்து வெளியே வரும். கூட்டுப்புழுவாகும்போது சுற்றிக் கூடு கட்டாமல், வாலைப் புல்லில் ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு திறந்தவெளியில் நிற்கும். நம் தேசிமரத்தில் இலையையே தின்றுதீர்க்கும் பச்சைப் புழு, வண்ணத்திப்பூச்சியாகும் முன் கொப்பில் கயிறு கட்டி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி விளங்கும்.

புல் என்றதும் நம்மவருக்கு நெல்தான் ஞாபகம் வரும். வயற்காரர் மடிச்சுக்கட்டி என்று சொல்லும் புழுவையும் சுரங்கமறுப்பி என்று சிலர் நினைக்கிறார்கள். அது வேறு. மடிச்சுக்கட்டி நெல்லிலையின் இரண்டு ஓரத்தையும் நூலால் இழுத்துக் குழாயாக்கி, அந்தக் குழாய்க்குள் இருந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். அது இலையின் மேலே இருக்கிறது. சுரங்கமறுப்பி இலையின் உள்ளே இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கொண்டால் செய்கிற வைத்தியமும் பிழைத்துப்போகும்.

வாய் மூடிய பருவம்

தேசிக்குத் திரும்புவோம். மூன்று பருவம் முடிந்து நான்காம் பருவத்துக்கு வரும்போது குடம்பியின் உருவமே மாறிவிடுகிறது. தட்டை உடம்பு உருளையாகும். அறுக்கும் தாடைகள் போய்விடும். இந்தப் பருவத்தில் அது எதையும் உண்பதில்லை. அதன் ஒரே வேலை பட்டு நூற்பது. இலையின் ஓரத்துக்கு வந்து, சுரங்கத்தின் கடைசியில் நூலை இழுத்து இழுத்துக் கட்டும். நூல் இறுக இறுக இலையோரம் மடிந்து அதன் மேல் போர்வைபோல விழுகிறது. நாம் காணும் அந்த மடிப்புக்குள்தான் கூட்டுப்புழு இருக்கிறது.

கூட்டுப்புழுவின் தலையில் கூரான ஒரு முள் உண்டு. நேரம் வந்ததும் அந்த முள்ளால் மடிப்பைக் குத்திக் கிழித்துப் பாதி உடம்பை வெளியே நீட்டும். பிறகு தோல் வெடித்து அந்து வெளிவரும். வெறும் தோல் மடிப்பிலே செருகியபடி நிற்கும். மடிப்பின் நுனியில் அந்தக் காய்ந்த தோல் தெரிந்தால், வீட்டுக்காரர் வீட்டைக் காலிபண்ணிவிட்டார் என்று பொருள்.

அந்தின் நீளம் 2 மில்லிமீற்றர். இறகை விரித்தால் 4 மில்லிமீற்றர். வெள்ளி போன்ற வெண்ணிறத்தில் கபிலக் கோடுகள். ஒவ்வொரு முன்னிறகின் நுனியிலும் ஒரு கறுப்புப் பொட்டு. பகலில் இலைகளுக்கு அடியில் ஒதுங்கியிருக்கும். முட்டை முதல் அந்து வரை குறைந்தது 13 நாள். குளிர்ந்த இடங்களில் 52 நாள் வரை நீளும். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று கிழமைதான். அந்தாகிய பிறகு ஆயுள் ஒன்றிரண்டு கிழமை.

இந்தத் தொழில் நேற்றுத் தொடங்கியதும் அல்ல. அமெரிக்காவின் டகோட்டாப் பாறைப்படிவில் கிடைத்த, ஏறத்தாழ 9 கோடி 70 இலட்சம் ஆண்டு பழைய இலைகளின் பதிவுகளில் சுரங்கத் தடங்கள் உள்ளன. அவற்றுட் சிலவற்றை நம் அந்தின் பேரினத்தோடே சேர்த்து இனங்கண்டு 1994இல் எழுதினார்கள். பூச்சி போய், இலை போய், கோடு மட்டும் கல்லில் நின்றிருக்கிறது.

கடல் கடந்த கதை

தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இந்த அந்து தேசி இனத்து மரங்களோடு நெடுங்காலம் வாழ்ந்துவருகிறது. கூடவே அதைத் தின்று வாழும் எதிரிகளும் வாழ்ந்துவருகின்றன. 1993 மே மாதத்தில் அமெரிக்காவின் புளோரிடாவில் இது கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஸ்பெயின், அடுத்த ஆண்டுக்குள் மத்தியதரைக் கடலைச் சுற்றிய பல நாடுகள், 1996இல் பிரேசில் என்று பரவியது. அந்து மட்டும் போய்ச் சேர்ந்தது. அதன் பழைய எதிரிகள் கூடப் போகவில்லை. தோட்டக்காரர்கள் திகைத்துப்போனார்கள்.

அப்போது அவர்கள் தேடியது அதன் சொந்த ஊர் எதிரியை. அகெனியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி, தாய்லாந்திலிருந்து அவுஸ்திரேலியாவுக்கும், அங்கிருந்து 1994இல் புளோரிடாவுக்கும் கொண்டுபோகப்பட்டது. இந்தக் குளவி சுரங்கமறுப்பியின் முட்டைக்குள்ளோ இளங்குடம்பிக்குள்ளோ தன் முட்டையை இடுகிறது. அந்த ஒரு முட்டை உள்ளே பலவாகப் பிரிந்து பல குளவிகளாக வளரும். சுரங்கமறுப்பி ஓரத்தை மடித்துப் போர்த்துக்கொள்ளும். ஆனால் அந்த மடிப்புக்குள்ளிருந்து வெளிவருவது குளவிகள்.

அப்ப, மருந்து அடிக்கிறதா?

இனி அந்தக் கேள்விக்கு வரலாம். கோடு கண்ணுக்குத் தெரியும்போது குடம்பி புறத்தோலுக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. மேலால் தெளிக்கும் சாதாரணப் பூச்சிநாசினி மெழுகுத் தோலில் தங்கி நிற்கும். உள்ளே இருப்பதை அது எட்டாது. இலையோரம் மடிந்து காய்ந்த தோல் நீட்டியிருந்தால் அங்கே கொல்ல ஒன்றுமேயில்லை. ஆனால் இலைமேல் நடந்து திரிந்து சுரங்கமறுப்பியைத் தேடும் குளவிகளும், எறும்பும், சிலந்தியும் மருந்தில் நேராக அகப்படும். எதிரி செத்துப்போக, அந்துக்கு அடுத்த கொழுந்து சும்மா கிடைக்கும். ஒரு வளவில் ஒரே மாரியில் ஐந்து தடவை மருந்தடித்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு புதுக்கொழுந்திலும் புதுக்கோடு. "அடிக்க அடிக்கக் கூடுது, மகன்" என்று அந்த வீட்டு மூத்தம்மா சொன்னது பூச்சியியற் புத்தகங்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறது.

இலைக்குள் ஊடுருவும் மருந்துகளும் கடையில் கிடைக்கும். ஆனால் உள்ளே ஊடுருவுவது குடம்பியிருக்கும் இடத்தோடு நின்றுவிடும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. பூவில் தேனீ வருகிறது. காயை நாம் சம்பலுக்குப் பிழிகிறோம், தோலோடு ஊறுகாய் போடுகிறோம், நோன்பு திறக்கையில் சாறாகக் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். காய் பறிக்கும் மரத்தை மருந்துப் போத்தலோடு நெருங்குமுன் இதை யோசிக்க வேண்டும்.

வளர்ந்து காய்க்கும் மரத்தைப் பொறுத்தவரை விடை எளிது: ஒன்றும் செய்யவேண்டியதில்லை. இந்த அந்து கொழுந்தைத்தான் தாக்கும். முற்றிய இலைகளெல்லாம் தப்பி நிற்கும். கோடு போட்ட இலையும் உள்ளே பச்சையாக இருப்பதால் தொடர்ந்து உணவு சமைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே அசிங்கமாக இருக்கிறதென்று இலையைக் கிள்ளி எறிவதும் மரத்துக்கு நட்டம். யூறியாவை அள்ளிப் போடுவதும், அடிக்கடி கொப்பு வெட்டுவதும் மாதாமாதம் புதுக்கொழுந்தை வரவழைத்து அந்துக்குப் பந்தி விரிப்பதாகும். உரத்தை அளவோடு போட்டு, கொப்பு வெட்டுவதை ஒரே தடவையில் முடித்து, அடிமரத்திலிருந்து வெடித்துக் கிளம்பும் வீண் கிளைகளை அகற்றினால் போதும்.

நாற்றுமேடையும், நட்டு நாலு வருடமாகாத கன்றும் வேறு கதை. கன்றுக்கு இருப்பதெல்லாம் கொழுந்துதான். அது கோணிப்போனால் வளர்ச்சி நிற்கும். இன்னோர் ஆபத்தும் உண்டு. குடம்பி அறுத்த காயங்கள் வழியே தேசிக் கன்கர் நோயின் பற்றீரியா எளிதாக உள்ளே புகும். இலையிலும் காயிலும் மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான கபிலப் புள்ளிகள் கண்டால் அது சுரங்கமறுப்பியின் வேலையல்ல, கன்கர். அப்படியான கன்றுகளுக்கு, முட்டையிடுமுன் கொழுந்தின்மேல் தெளிக்கும் விவசாய எண்ணெய் போன்ற வழிகள் உள்ளன. எது, எவ்வளவு, எப்போது என்பதை உங்கள் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் இலையோடு போய்க் கேளுங்கள். மருந்துக்கடையில் கேட்டால் மருந்துதான் தருவார்கள்.

இலையைக் கொண்டுபோகுமுன் ஒரு தடவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒல்லியான முனையிலிருந்து தொடங்கி, அகலும் வழியே கறுப்புக் கோட்டைப் பின்தொடருங்கள். கோடு இலையோரத்து மடிப்பில் முடிந்தால், அதில் காய்ந்த தோல் நீட்டுகிறதா என்று பாருங்கள். மடிப்புக்கு வராமல் நடுவழியில் நின்றுபோயிருந்தால், உள்ளே குடம்பி இன்னும் அசைகிறதா, கறுத்துச் சுருங்கிக் கிடக்கிறதா என்று கைவில்லையால் பாருங்கள். கறுத்துக் கிடந்தால் உங்களுக்கு முன்பே யாரோ வேலையை முடித்துவிட்டார்கள். அநேகமாக அது ஒரு குளவி.